மண் சுமக்காத நாற்பத்திரண்டு நாள்

நான் கிராம சேவிகாவாக வேலையில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அறுபதுகளின் தொடக்கம். புதுக்கோட்டை அப்போது தனி ஜில்லா இல்லை, திருச்சி ஜில்லாவுக்குள் இருந்தது. பெரிய அதிகாரிகள் எல்லாரும் திருச்சியில்தான். எனக்குக் கொடுத்த பத்து ஊர்கள் திருமயத்துக்கும் பொன்னமராவதிக்கும் நடுவில் கிடந்தன. கிராம சேவிகா என்றால் இன்றைக்குப் பலருக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் கூட்டுவோம். புகையில்லா அடுப்பு கட்டக் காட்டுவோம், பப்பாளிக் கன்று கொடுப்போம், தையல் சொல்லிக்கொடுப்போம், பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கரைத்து ஊற்றுவோம். அதற்குப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் சம்பளம்.

ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம் எங்களுடையது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நான் வேலையில் சேர்வதற்கு முந்தின வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தம்பிகள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். என் சம்பளம் வந்தால்தான் வீட்டில் அரிசி. செய்த காரியத்துக்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நிலைமை அதுதான் என்பதற்காகச் சொல்கிறேன்.

முதன்முதலில் நான் போய் நின்ற ஊரில், முதன்முதலில் நுழைந்த வீட்டில்தான் அவள் இருந்தாள். அவளுக்கும் என் வயதுதான். ஐந்தாவது வரை படித்தவள். அந்த ஊர்ப் பெண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான், அதில் இவள் ஒருத்தி. புருஷனுக்குக் கொஞ்சம் மானாவாரிப் புஞ்சையும் ஒரு ஜோடி மாடும் வண்டியும் உண்டு. மழை பெய்தால் கடலை போடுவார், இல்லாவிட்டால் கல் வண்டி ஓட்டுவார். மாமியார் கூட இருந்தார். மூத்தது பெண், மூன்று வயது. இளையது கைப்பிள்ளை.

அவளுடைய அடுப்பைத்தான் முதலில் இடித்துப் புதிதாகக் கட்டினோம். மாமியார் மூன்று நாள் முணுமுணுத்தார். நாலாம் நாள் புகை இல்லாமல் சோறு வெந்ததும் அந்த அம்மாளே பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூட்டிவந்து காட்டினார். மாதர் சங்கம் ஆரம்பித்தபோது அவளைக் கன்வீனராகப் போட்டேன். மற்றவர்கள் எல்லாம் என்னைச் சேவிகாம்மா என்பார்கள். அவள் மட்டும் அக்கா என்றாள். பஸ்ஸைத் தவறவிட்டால் அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

அந்த வருஷம் நான் ஒரு வேலை செய்தேன். பெரிய நோட்டு ஒன்று வாங்கி, வீடு வீடாகப் போய், ஒவ்வொரு பெண்ணின் பெயர், புருஷன் பெயர், பிள்ளைகள் எத்தனை, கையெழுத்துப் போடத் தெரியுமா, கைநாட்டா என்று எழுதினேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் பக்கத்தில் கிணத்தடி வீடு, கோயில் வீடு என்று அடையாளம் போட்டேன். பத்து ஊருக்கும் எழுதி முடிக்க ஏழு மாசம் ஆயிற்று. கமிஷனர் (யூனியன் ஆபீஸுக்குத் தலைமை அதிகாரி அவர்தான்) அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னை மெச்சினார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்து இரண்டு வருஷம் மழை இல்லை. கடலை முளைத்துக் கருகியது. கிணறுகளில் வாளி தரை தட்டியது. சனங்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று அரசாங்கம் கண்மாய் வெட்டும் வேலை திறந்தது. கண்மாய்க்குள் மண் வெட்டிக் கரையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். ஆண்கள் வெட்ட, பெண்கள் சுமக்க. பெண்ணாளுக்கு நாளுக்கு ஒரு ரூபாய். வேலைக்கு வந்தவர்கள் பெயரையும் நாளையும் எழுதுகிற பெரிய தாளுக்கு மஸ்டர் ரோல் என்று பெயர். கூலி வாங்கும்போது அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். பெண்களை ஏமாற்றிவிடக் கூடாது என்று ஒரு ஏற்பாடு இருந்தது. பெண்களுக்குக் கூலி கொடுக்கும் இடத்தில் கிராம சேவிகா இருந்து, ஒவ்வொரு தாளிலும் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வேலையைப் பார்த்தவர் எங்கள் யூனியன் ஓவர்சியர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேச மாட்டார். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் ஆபீஸில் என் மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, அந்த வீட்டு லிஸ்ட் நோட்டு ஒங்ககிட்ட இருக்குல்ல? ரெண்டு நாளைக்குக் கொடுங்களேன். எந்தெந்த வீட்டுக்கு வேலை அவசியம்னு பார்த்துக்கலாம்."

சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன். என் நோட்டு ஏழைகளுக்கு உதவப்போகிறது என்று நினைத்தேன்.

முதல் கூலி நாளில் நான் கண்மாய்க் கரையில் இருந்தேன். அறுபது பெண்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். யாருக்கும் குறையவில்லை. மனசாரச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த கூலி நாளில் எனக்குக் காய்ச்சல். வாடகை அறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். மத்தியானம் ஓவர்சியர் வந்தார். ஒரு ரொட்டியும் நாலு சாத்துக்குடியும் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்கார அம்மாளைக் கூப்பிட்டு வெந்நீர் வைக்கச் சொன்னார். அப்புறம் பையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"ஆறு கையெழுத்துதான் தங்கச்சி. படுத்துக்கிட்டே போட்டுடலாம்."

எழுந்து உட்கார்ந்து புரட்டினேன். முதல் இரண்டு தாளில் இருந்தவர்கள் கண்மாயில் நான் பார்த்த முகங்கள்தான். மூன்றாவது தாளிலிருந்து பெயர்கள் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தன. முதல் வீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று என் நோட்டில் நான் எழுதியிருந்த அதே வரிசை. கிணத்தடி வீடு என்று நான் போட்ட அடையாளம்கூட அப்படியே இருந்தது. கைநாட்டு என்று நான் குறித்திருந்தவர்களுக்கு ரேகை இருந்தது. கையெழுத்து என்று குறித்திருந்தவர்களுக்குக் கோணல்மாணலாகக் கையெழுத்து இருந்தது. என் கன்வீனரின் பெயர்தான் அதில் முதல் பெயர்.

"சார், இதுல சில பேரு கம்மாய்ப் பக்கமே வரலியே."

"வந்தாங்கம்மா. நீங்க படுத்திருந்தீங்க, பார்க்கலை."

"கிணத்தடி வீட்டம்மா போன மாசம் செத்துப்போயிட்டாங்க சார். நான் துக்கத்துக்குப் போய் வந்தேன்."

அவர் திடுக்கிடவில்லை. "அப்படியா" என்று தாளை வாங்கி, பேனாவைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார். அடித்த இடத்தில் தன் இனிஷியலைப் போட்டார். திரும்ப என்னிடம் நீட்டினார்.

"இப்பச் சரியாயிடுச்சா?"

நான் தாளை வாங்கவில்லை. அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜீப்புக்குப் பெட்ரோல் யார் போடுவது, பெரிய மனிதர்கள் ஊருக்கு வந்தால் சாப்பாடு யார் போடுவது, கமிஷனருக்கு மேலே இருப்பவர்களுக்கு மாசம் பிறந்தால் போக வேண்டியது எங்கிருந்து வரும் என்று நிதானமாகக் கேட்டார். "இதெல்லாம் நம்ம சம்பளத்துலயா கொடுக்க முடியும்? எங்கேயும் உள்ளதுதான்." அப்புறம் குரலை இன்னும் தணித்துக்கொண்டார். "ஒங்க வேலையை நிரந்தரம் பண்ற ஃபைல் கமிஷனர் மேசையிலதான் இருக்கு. நான் வேற ஒண்ணும் சொல்லலை தங்கச்சி."

ஆறு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். காய்ச்சலில் கை நடுங்கியது என்று சொல்லலாம்தான். நடுங்கவில்லை. என் கையெழுத்து எப்போதும் போலத் தெளிவாகவே விழுந்தது.

அதற்கப்புறம் இரண்டு தடவை போட்டேன். காய்ச்சல் எதுவும் இல்லாமல், ஆபீஸில் என் நாற்காலியில் உட்கார்ந்தே போட்டேன். எனக்கென்று ஒரு காசு வாங்கவில்லை. வெகுகாலம் அதை ஒரு பெரிய யோக்கியதையாக எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டுவிட்டார்கள். வேலைக்கு வராதவர்கள் பெயரில் கூலி போகிறது என்று திருச்சிக்கு எழுதியிருந்தார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி வரப்போவதாகக் கடிதம் வந்ததும் கமிஷனர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். ஓவர்சியரும் நின்றார்.

"பயப்படாதீங்க. அந்த ஆளு ரோல்ல உள்ள பேரைப் படிச்சு, வேலைக்கு வந்தீங்களான்னு கேப்பாரு. ஆமான்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. அந்தப் பொம்பளைங்க ஒங்க பேச்சைத்தானே கேக்குதுங்க?" என்றார் கமிஷனர்.

"மாட்டேன்னு சொன்னாங்கன்னா சார்?"

"சாட்சிக் கையெழுத்து யாருது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த பஸ்ஸிலேயே அவள் ஊருக்குப் போனேன். தாளில் இருந்தவர்களில் பெரும்பாலானவர்கள் கண்மாயில் ஐந்து நாள், பத்து நாள் நிஜமாகவே மண் சுமந்தவர்கள். அவர்களுக்கு நாளைக் கூட்டி எழுதியிருந்தார்கள். அவர்கள் ஆமாம் என்று சொல்வதில் கஷ்டம் இல்லை. ஒரு நாளும் வராதவர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் முதல் பெயர் அவள். அவள் வீட்டுப் பெண்கள் சொந்தப் புஞ்சையில் வேலை செய்வார்களே தவிர, கூலிக்கு மண் சுமக்கப் போகிற வழக்கம் இல்லை.

அவள் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் வெளியே போயிருந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டைக் கொடுத்ததில் ஆரம்பித்துக் கையெழுத்துப் போட்டது வரைக்கும் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் கடலை உடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"நான் எப்பக்கா மண்ணு சொமந்தேன்?"

"சுமக்கலைதான் ஆத்தா. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எம்பேருல எத்தனை நாளு எழுதியிருக்காக?"

"நாப்பத்திரண்டு."

"காசு?"

"நாப்பத்திரண்டு ரூவா."

அவள் முறத்தை ஓரமாகத் தள்ளினாள். "போன மாசந்தான் ஒரு மாட்டை வித்தோம். தீவனம் இல்லைன்னு. அடிமாட்டு வெலைக்குப் போச்சு" என்றாள். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவள் நினைப்பு அங்கே ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

"நீ சொல்லலைன்னா எனக்கு வேலை போயிரும். ஜெயிலுக்குக்கூடப் போக வேண்டியிருக்கும். எங்கப்பா படுத்த படுக்கையா கெடக்காரு" என்றேன். அழுதும் விட்டேன்.

அவள் முந்தானையால் கையைத் துடைத்துவிட்டு என் தோளைத் தொட்டாள். "அழுகாதீங்கக்கா. ஒங்களுக்காகச் சொல்றேன். மத்தவுககிட்டயும் நானே பேசிக்கிறேன். எங்க வீட்டுல மட்டும் தெரியாமப் பாத்துக்கங்க. அவருக்குத் தெரிஞ்சா மானம் போச்சும்பாரு."

"தெரியாது. ஒவ்வொருத்தரா உள்ளே கூப்பிட்டுத்தான் கேப்பாங்க" என்றேன். அப்படிக் கேட்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நானாகச் சொன்னேன்.

விசாரணை ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. வந்த அதிகாரி கறாரானவர். யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்து, எதிரே ஊரை உட்கார வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி உரக்கப் படித்தார். பெயர், புருஷன் பெயர், எத்தனை நாள், எத்தனை ரூபாய். "வேலைக்கு வந்தியா? பணம் வாங்குனியா?" பெண்கள் எழுந்து ஆமாங்க, வாங்குனேங்க என்றார்கள். நான் சுவரோரமாக நின்றேன். கூட்டத்தைப் பார்த்துத் தெருவில் வண்டிகள் நின்றன. அதில் அவள் புருஷனுடைய வண்டியும் ஒன்று. விற்ற மாட்டுக்குப் பதிலாகப் பங்காளி வீட்டு மாட்டைப் பூட்டியிருந்தார். நுகத்தடியில் கையை வைத்துக்கொண்டு நின்று கேட்டார்.

அவள் அவரைப் பார்த்துவிட்டாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

"நாற்பத்திரண்டு நாள். நாற்பத்திரண்டு ரூபாய். வாங்குனியாம்மா?"

"வாங்குனேங்க."

"கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியுங்க."

"இங்கே வந்து போடு."

மேசைக்குப் போனாள். மஸ்டர் ரோல் அங்கே விரித்துக் கிடந்தது. அவள் குனிந்து, தன் பெயரில் யாரோ போட்டிருந்த அந்தக் கோணல் கையெழுத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பேனாவை வாங்கி, வெள்ளைத் தாளில் அதே மாதிரி கோணலாக, அதே இடத்தில் எழுத்து சரிய, தன் பெயரை எழுதினாள். மாதர் சங்க மினிட் புத்தகத்தில் மணி மணியாகக் கையெழுத்துப் போடுகிறவள் அவள். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அவர் அவ்வளவு துருவவில்லை. ரேகை பார்க்கிற ஆளைத் திருச்சியிலிருந்து வரவழைக்கவும் இல்லை. புகார் நிரூபணமாகவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் மூன்று பேரையும், எங்களுக்கு மேலே இருந்தவர்களையும் அந்த ஒரு கையெழுத்து காப்பாற்றிவிட்டது. ஓவர்சியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் அவளே பஸ் ஏறி என் அறைக்கு வந்தாள். சின்னதை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் மண் சுமக்கவில்லை என்பது புருஷனுக்குத் தெரியும், பெயரை மட்டும் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டாள் என்று நினைத்துக் கேட்டிருக்கிறார். அந்த நாற்பத்திரண்டு ரூபாய் எங்கே? மாட்டை விற்கும்போது காசைப் பதுக்கி வைத்துக்கொண்டு எப்படிப் பார்த்துக்கொண்டு இருந்தாய்? என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவள் உண்மையைச் சொல்லவில்லை. அவள் தம்பிக்கு வைகாசியில் கல்யாணம் நடந்திருந்தது. பணம் அங்கேதான் போயிருக்கிறது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். புருஷன் அடிக்கவில்லை, வையவும் இல்லை. அவள் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்து போனார்.

"நீங்க ஒரு எட்டு வந்து எங்க வீட்டுல சொல்லுங்கக்கா. ஊருக்குச் சொல்ல வேணாம். அவுக ரெண்டு பேருக்கு மட்டும் சொன்னாப் போதும். நீங்க சொன்னா நம்புவாக."

"சொல்றேன் ஆத்தா. ரிப்போர்ட் திருச்சிக்குப் போயிரட்டும். ஒரு வாரம் பொறுத்துக்க."

"ஒரு வாரமா?" என்று கேட்டாள். அப்புறம், "சரிக்கா. பொறுத்துக்கிறேன். வாரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

ஒரு வாரம் ஆயிற்று. இரண்டு வாரம் ஆயிற்று. அவள் புருஷன் கோபத்தில் திருச்சிக்கே போய்ச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்ற பயம் எனக்கு. பகலில் மற்ற ஒன்பது ஊர்களுக்கும் போனேன், அந்த ஊருக்குப் போகவில்லை. கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மாசச் சம்பளத்தில் நாற்பத்திரண்டு ரூபாயை எடுத்துக்கொண்டு போனேன். கண்மாய்க்குக் கீழே, அவள் துணி துவைக்கிற கிணற்றடியில் பிடித்தேன். பத்திரமாக வைத்திருந்தேன் என்று சொல்லி இதைப் புருஷனிடம் கொடுத்துவிடு என்று அவள் கையில் வைத்தேன்.

அவள் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. திருப்பி என் பைக்குள் போட்டாள்.

"இதை வாங்குனா நெசமாவே நான் வாங்குனதா ஆயிரும்க்கா. நான் காசு கேக்கலை. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கன்னுதான் கேட்டேன்."

"பயமா இருக்கு ஆத்தா."

"தெரியுது" என்றாள். துணியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு போனாள். அவள் என்னிடம் கோபமாகப் பேசியது என்றால் அதுதான். அதுவும் கோபமா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு நான் போனபோது அவள் வீட்டில் மாமியார் மட்டும் இருந்தார். "அவ அப்பன் வீட்டுக்குப் போயிட்டா. மூத்தது எங்ககிட்ட இருக்கு. நீங்களும் இனிமே இங்கிட்டு வர வேணாம் தாயி. ஒங்க சங்கம் வந்துதான் எங்க வீடு இப்படி ஆச்சு" என்றார். சின்னதை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நடந்தது என்ன என்று தெரியாமலே அந்த அம்மாள் சரியான இடத்தைத் தொட்டுப் பேசினார். அப்போதும் நான் சொல்லாமல் திரும்பி வந்தேன்.

அந்த வருஷக் கடைசியில் என் வேலை நிரந்தரமான உத்தரவு வந்தது. கொஞ்ச நாளில் கீரனூர்ப் பக்கம் மாற்றலும் கிடைத்தது. ஆவூரிலிருந்து எளிதாகப் போய்வரலாம். அப்பா உத்தரவைத் தன் நல்ல கையால் வாங்கித் தடவிப் பார்த்தார். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தது, தம்பிகள் வேலைக்குப் போனார்கள்.

ஏழெட்டு வருஷம் கழித்து, கீரனூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது யாரோ "அக்கா" என்றார்கள். குரலை உடனே தெரிந்தது. ஆளைத் தெரியவில்லை. மெலிந்து, முன்தலை நரைத்திருந்தாள். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருப்பதாகவும், அப்பா வீட்டிலிருந்து தினம் பஸ்ஸில் போய்வருவதாகவும் சொன்னாள். சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாளாம்.

"நீங்க நல்லா இருக்கீங்களாக்கா? அப்பாவுக்கு ஒடம்பு எப்புடி இருக்கு?" என்று கேட்டாள்.

அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதைச் சொன்னேன். அப்புறம் நானாகவே கேட்டேன். "அவரு வந்து பாக்கவே இல்லையா?"

"ஒரு தடவ வந்தாரு. அப்ப நெசத்தைச் சொன்னேன். நீங்க மாத்தலாகிப் போயிட்டீங்கன்னு தெரிஞ்சப்பெறகுதான் சொன்னேன். 'ஊரே கேக்க வாங்குனேன்னு சொன்னவ, இப்ப வந்து கதை சொல்றியா'ன்னாரு. போயிட்டாரு. அப்புறம் வேற கட்டிக்கிட்டாரு."

"நான் இப்பவே வந்து சொல்றேன்."

"இப்ப எதுக்குக்கா" என்றாள். பஸ் வந்தது. அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசைக்குப் போகாமல் அந்த ஊருக்குப் போனேன். புருஷன் வீட்டில் இருந்தார். மாமியார் இறந்துவிட்டிருந்தார். புதிதாகக் கட்டிக்கொண்ட பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மண் சுமக்கவில்லை, காசு வாங்கவில்லை, எனக்காகத்தான் பொய் சொன்னாள், வந்து சொல்லச் சொல்லி என்னைக் கெஞ்சினாள், நான் வரவில்லை என்றேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"அன்னைக்கே வந்திருக்கலாமேம்மா" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் என்னால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

பிறகு உள்ளே பார்த்து மூத்த மகளைக் கூப்பிட்டார். பாவாடை தாவணியில் வந்து நின்றாள். அம்மாவின் நெற்றி, அம்மாவின் கண்கள்.

"இவகிட்டயும் சொல்லுங்க. இவ ஆத்தா காசைத் திருடி அப்பன் வீட்டுக்குக் கொடுத்தவன்னு கேட்டே வளந்தவ இவ. நானும் சொல்லியிருக்கேன். நான் இப்ப மாத்திச் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே சொல்லுங்க."

பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் புரிகிற மாதிரி மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவள் அப்பாவிடம் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. மஸ்டர் ரோல் என்றால் என்ன, சாட்சிக் கையெழுத்து என்றால் என்ன என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவள் கவனமாகக் கேட்டாள். என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை.

"எங்க ஆத்தா எந்த ஊருலங்க இருக்கு? எந்த பஸ்ஸுல போகணும்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு தாளில் ஊரையும் பஸ் மாறும் இடத்தையும் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பொங்கலுக்கு அவள் போனாள். அதைக் கொஞ்ச நாள் கழித்து அதே கீரனூர் பஸ் ஸ்டாண்டில் அவள் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "வந்தா அக்கா. பத்து நாளு இருந்தா. நல்ல புள்ள. சாப்புடச் சொன்னாத்தான் சாப்புடுது, உக்காரச் சொன்னாத்தான் உக்காருது. பெறத்தியார் வீட்டுக்கு வந்த மாதிரியே இருந்துட்டுப் போச்சு" என்றாள். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தாள். அப்புறமும் அந்தப் பெண் வருஷத்துக்கு ஒரு தடவை போய்வந்தாள் என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் அப்பா வீட்டில்தான் நடந்தது. அம்மா வந்து, சொந்தக்காரர்களோடு சொந்தக்காரியாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனாளாம்.

அந்த வீட்டில் இரண்டு பேரிடம் உண்மையைச் சொன்னேனே ஒழிய, ஆபீஸுக்கோ திருச்சிக்கோ நான் ஒரு வரி எழுதவில்லை. ஓவர்சியர் அடுத்தடுத்து மேலே போனார். கமிஷனரும் நல்லபடியாக ஓய்வு பெற்றார் என்று கேள்வி. நானும் முழுப் பென்ஷனோடு வெளியே வந்தேன். வழியனுப்புகிற கூட்டத்தில் என் பணிப் பதிவேட்டிலிருந்து படித்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு விளக்கம் கேட்டுக்கூட இவருக்கு மெமோ கொடுத்ததில்லை, ஒரு சிறு கரும்புள்ளியும் இல்லை என்றார்கள். என் பேத்தி முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.